அஞ்சேலும் என்னீர்

அம்மா இருந்தபோதே திருவதிகைக்குப் போக நினைத்திருந்தோம். முடியவில்லை. கடைசி நாலு மாதம் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தார். மருந்து ஏறிக் கண் அசரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, அப்பர் அங்கே பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகம் படிப்பேன். பத்துப் பாட்டும் அவருக்கு மனப்பாடம். நான் படிக்கப் படிக்க உதடு மட்டும் அசையும். அவர் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் பண்ருட்டியில் போய் இறங்கினேன்.

கோயில் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று, அவர் முப்புரம் எரித்த தலம். கோபுர வாசலில் நடனக் கரணங்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். கருவறையில் 16 பட்டைகளோடு பெரிய லிங்கம். தீபாராதனையின்போது வெளிச்சம் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக வழுக்கி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

7ஆம் நூற்றாண்டில் சூலை என்கிற கடும் வயிற்று வலியோடு அப்பர் வந்து நின்ற இடம் இதுதான். சமணத்தில் தருமசேனராக இருந்தவர், வலி தாங்காமல் அக்கா திலகவதியாரிடம் இரவோடு இரவாக வந்தார். அக்கா திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் இங்கே பாடியதைப் பணிவான வேண்டுதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ‘அஞ்சேலும் என்னீர்’ என்கிறார். பயப்படாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டீரா என்று சாமியிடமே கேட்கிறார். ‘வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்’ என்று கடைசிப் பாட்டில் வருகிறது. அம்மாவின் இரவுகள் இதே வரிசையில்தான் போயின. முதலில் வேர்க்கும், அப்புறம் புரளுவார்.

இங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் ரொம்பத் தூரமில்லை. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் அது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் தன்னுடைய சிவஞான சித்தியார் நூலில் துன்பத்துக்குக் காரணம் சொல்கிறார். பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பெற்றவர்கள் வளாரால் அடிப்பதும் பரிவுதான். மருத்துவன் அறுத்துக் கீறி நோய் தீர்ப்பதுபோல இறைவன் வினையைத் தீர்க்கிறான். கடுமையாக வரும் இந்த அருளைத்தான் மறக்கருணை என்கிறார்கள். நான் படித்து ஏற்றுக்கொண்ட தத்துவம் இது, இன்றும் நம்புகிறேன். ஆனால் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் எந்தப் பேச்சைக் கேட்காமல் போனார்? ‘கொடுமை பல செய்தன நான் அறியேன்’ என்று அப்பரே சொல்கிறாரே.

சாத்திரம் கத்தி பிடித்தவர் பக்கம் நின்று பேசுகிறது. தேவாரம் படுத்திருப்பவர் பக்கம். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் கதறலை ஒளித்துவைக்காமல் நான்காம் திருமுறையின் முதல் பதிகமாகவே வைத்திருக்கிறார்கள்.

திலகவதியார் சன்னதிக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய், மணம் பேசிய கலிப்பகையாரும் போரில் இறந்தபின், சாகத் துணிந்தவர் இவர். ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்பதற்காக உயிர் தாங்கினார் என்கிறார் சேக்கிழார். திருவலகும் மெழுக்கும் தோண்டியுமாக விடியுமுன் கோயிலுக்கு வந்து பெருக்கி மெழுகினார். அவர் பட்டதைச் சொல்ல அவருக்கென்று ஒரு பதிகம் இல்லை. அங்கேதான் எனக்குக் கண் கலங்கியது.

அங்கே ஒரு பாட்டி எட்டு வயதுப் பேரனை நிறுத்தி, “சட்டையைத் தூக்குடா” என்றார். உள்ளங்கைத் திருநீற்றைக் கட்டைவிரலால் குழைத்து, தொப்புளைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தார். வாய் பதிகத்தை முணுமுணுத்தது. இரண்டாம் பாட்டில் ‘வஞ்சம் இதுவொப்பது கண்டறியேன்’ வரை வந்து நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்தது என்னப்பா?”

“வயிற்றோடு துடக்கி முடக்கியிட...”

“ஆமா, ஆமா.”

இரண்டு பேருமாக மேலே சொன்னோம். பத்தாம் பாட்டு முடியும் வரை பையன் சட்டையை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்தபடி நின்றான்.