கதவுக்கு இந்தப் பக்கம் மல்லி

பிப்ரவரி 1, 2025
அத்தையின் பூனை முத்து வந்துவிட்டான். பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில் போனவன் வெளியே வரவில்லை. நாய் டைகர் கதவிடுக்கில் மூக்கை வைத்து வாலை ஆட்டுகிறான். என் பூனை மல்லி ஒரு தரம் மோந்துவிட்டு அலமாரி மேல் ஏறிவிட்டாள்.

பிப்ரவரி 2
மல்லி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 3
இன்றும் இல்லை. கெம்போங் மீனை அவித்து, முள் எடுத்து, விரல் நுனியில் வைத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 11 வருஷமாக இந்த விரலை நக்கித் தின்றவள். பூனை இரண்டு மூன்று நாள் வயிற்றைக் காயப்போட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் ஆபத்து. மல்லி ஐந்தரைக் கிலோ. கிளினிக்கில் கேட்டேன், காலையிலும் தொடாவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

வார்டில் அத்தை கேட்டார், “சாப்பிடுதாம்மா?” அவர் கேட்டது முத்துவை. ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 4
சாப்பிட்டாள்! 4 துண்டு. காலை 5.40.

பிப்ரவரி 5
மல்லி படுக்கும் துண்டை அவனுக்கும் அவனுடையதை அவளுக்கும் மாற்றி விரித்தேன். முகம் பார்க்கும் முன்னால் வாசனை பழகட்டும். அவனோ அத்தையின் பழைய கைலியை விட்டு இறங்கவில்லை.

நள்ளிரவு. சீனப் பெருநாளின் 9ஆம் நாள் பிறக்கிறது. சீனர்களின் தீ கோங் சாமிக்குப் பிறந்தநாள், பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் முழுக்கப் பட்டாசு. டைகர் குளியலறையில் நடுங்குகிறான். மல்லியைத் தேடினால் பின்னறைக் கதவோரம். தரையில் கன்னம் வைத்துப் பார்த்தேன். அடியிடுக்கு வழியாக முத்துவின் வெள்ளைப் பாதம் இந்தப் பக்கம் நீண்டிருந்தது. மல்லி மோந்தாள். அடிக்கவில்லை.

பிப்ரவரி 7
அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். ஒரே சீறல், முத்துவின் காதில் கீறல். தப்பு என்னுடையது. அந்த ஒரு பாதத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். சரி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது மணல் தட்டும் வாங்கியாயிற்று, இரண்டு பூனைக்கு மூன்று வேண்டும்.

பிப்ரவரி 8
கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. மல்லியின் தட்டு 4 அடி தள்ளி. முழுதும் தின்றாள்.

பிப்ரவரி 9
அத்தை இன்று எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10
தைப்பூச இரதம். வருஷா வருஷம் அத்தை உடைக்கிற தேங்காயை நான் உடைத்தேன். மூன்றாவது சரியாக உடையவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12
தட்டு 2 அடிக்கு வந்துவிட்டது. கைலியில் அத்தை வாசம் குறைகிறது. துவைக்க மாட்டேன்.

பிப்ரவரி 13
காலை 4.15. ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்று பேருக்கும் தீனியும் தண்ணீரும் நிறைய வைத்துவிட்டேன். பின்னறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.