உருண்டைக் கல்லுக்குள் அம்மோனைட்: மேசைக் குறிப்புகள்

மே 4
மதுரையைச் சுற்றி நைஸும் சார்னோகைட்டும்தான், ஆழத்தில் வெந்து உருவான, புதைபடிவம் தங்காத பாறைகள். யானைமலையையே குடைந்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. மேசையில் இருப்பது பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துக் களிப்பாறையில் அனுமதியோடு எடுத்த உருண்டைக் கல். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸின் கடலடிச் சேறு. தேடுவது அம்மோனைட்: அறை அறையாகச் சுருண்ட ஓட்டில் வாழ்ந்து அற்றுப்போன, கணவாயின் உறவான கடலுயிரி. மழை அரித்த ஓரத்தில் வளைந்த வரிமேடுகள் தெரிகின்றன. வரியை மட்டும் நம்பினால் நத்தையாகவும் இருக்கலாம். ஓடு உரிந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் இலை நரம்பாகக் கிளைவிடும் மெல்லிய கோடு: அறைச் சுவர் ஓட்டைத் தொட்ட தடம். நத்தைக்கு அது கிடையாது. அம்மோனைட்தான்.

மே 5
உதிர்ந்த சில்லில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. சுர்ரென்று நுரைத்தது, கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. வினிகரில் ஊறப்போடலாமே என்று கை பரபரக்கும். கல் கரையும், ஓடும் சுண்ணாம்புதான், கூடவே போகும். அந்த வழி பாஸ்பேட்டான மீன் பல், எலும்புக்கு.

மே 9
ஊறவைத்து ஃப்ரீசரில் போட்டு எடுக்கும் வித்தை களி மிகுந்த கல்லுக்குப் பலிக்கும், சுண்ணாம்பு இறுக்கிய இதற்கு இல்லை. மணல் பையில் வைத்து, தட்டையான உருண்டையின் இடுப்பைச் சுற்றிச் சிறுசிறு அடி. நடு உச்சியில் போட்டால் சுருளின் குறுக்கே பிளக்கும். தெறித்த சில்லெல்லாம் டப்பாவில். எதில் ஓடு ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மே 14
ஏர் ஸ்கிரைப், அதாவது கம்ப்ரசர் காற்றில் ஊசி அதிரும் பேனா போன்ற உளி, 6 பார் அழுத்தம். ஊசியைச் சாய்த்து, ஓட்டுக்கு வெளியிலிருந்து கல்லை உடைத்துவர வேண்டும். எல்லை நெருங்கினால் சில் தானாகவே எகிறும், உள்ளே பழுப்புப் பளபளப்பு. கடைசிச் சுற்று, அதாவது உயிரி குடியிருந்த அறை, வெளிச்சேறே நிரம்பியது. அங்கே நிற வேறுபாடு இல்லாததால் ஊசி ஓட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்சுற்றுகளில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம். தூசியில் சிலிக்கா இருக்கும். என்95 மாஸ்க் இல்லாமல் கம்ப்ரசரை ஆன் செய்யவே கூடாது.

மே 20
விரிசலுக்கு பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின்: 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம், பிரஷ்ஷில். உடைந்த துண்டை ஒட்ட அதே பிசின், தேன் பதத்தில். மதுரை வெயிலில் இரண்டு தொல்லை. அசிட்டோன் உள்ளே இறங்குமுன் ஆவியாகி மேலே பளபளவென்று தோல் கட்டும். ஆகவே விடியற்காலை வேலை. இரண்டாவது, இந்தப் பிசின் 40 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். தகரக் கூரை அடியில் வைத்த ஒட்டு மெல்ல நழுவும். அலமாரியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியாயிற்று. லேபிளில் கிடைத்த இடம், பாறை அடுக்கு, பூசிய பிசினின் பெயர், கரைப்பான்.