வெறும் மணல் இல்லை, பெரிஸ்

எங்கள் தோட்டப்புற டவுனில் காலி நிலத்தைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது, "இதுல என்ன போடலாம்?" கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். அதனால்தான் மலேசியாவின் திரங்கானுவில் கெமாமானிலிருந்து செத்தியூ வரை கரையோரம் விட்டுவிட்டுக் கிடக்கும் வெள்ளை மணல்வெளிக்குத் தரிசு என்று பெயர் வந்துவிட்டது. அது தரிசு இல்லை. சத்து குறைவாக இருப்பதால்தான் அங்குள்ள செடிகளால் அங்கே வாழ முடிகிறது. சத்தைச் சேர்த்தால் அவை போய்விடும்.

மலாய்க்காரர்கள் இதைத் 'தானா பெரிஸ்', அதாவது பெரிஸ் மண், என்பார்கள். கிளாந்தான், திரங்கானு, பகாங் கரைகளில், கடல் ஏறி இறங்கிய காலங்களில் அலை குவித்த மணல்மேடுகள் கரைக்கு இணையாக வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவே ஒரு தாழ்வு. மண்ணில் 90 சதவீதத்துக்கு மேல் மணல். வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தாலும் மேட்டில் தங்காது. வெயில் காலத்து நடுப்பகலில் மேல் மணல் 50 டிகிரியைத் தொடும்.

இந்த மண்ணைப் புரிந்துகொள்ள ஒரு குழி போதும். செடி இல்லாத இடமாகப் பார்த்து, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, மண்வெட்டியால் ஒரு மீட்டர் தோண்டுங்கள். மேலே சில அங்குலம் சாம்பல் நிறம். அதற்குக் கீழே சீனி மாதிரி வெள்ளை மணல். மழைநீர் இரும்பையும் மக்கையும் கழுவிக் கீழே இறக்கிவிட்ட பகுதி அது. பிறகு திடீரென்று மண்வெட்டி 'டங்' என்று நிற்கும். கழுவி இறங்கியதெல்லாம் இறுகிக் காப்பித்தூள் நிறத்தில் கல்லாகிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் இதன்மேல்தான் தேங்கும். அதனால் ஒரே தாழ்வு டிசம்பரில் குளம், ஜூனில் அடுப்பு. கடலுக்குப் பக்கத்திலுள்ள இளம் மணலில் (மண் வரைபடத்தில் 'பாகிங்' என்று இருக்கும்) இந்தக் கல்லடுக்கு கிடையாது; 'ரூடுவா' வகையில் உண்டு. தோண்டியதை அதே வரிசையில் மூடிவிடுங்கள்.

செடிகளும் வரிசையாகத்தான் நிற்கின்றன. அலைக்கு முதலில் அடும்புக் கொடி. அதன் இலையைச் சங்கப் பாட்டு மானின் அடிக்கு ஒப்பிட்டது. மலாய்க்காரர்கள் குதிரைக் குளம்பு என்கிறார்கள். பக்கத்தில் இராவணன் மீசைப் புல். அதன் முள்பந்து காற்றில் உருண்டோடி விதை போடும். இரண்டும் மணலைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் பின்னால் கெமுந்திங் புதர் வரும், நீலகிரியில் தவிட்டுப்பழம் என்பார்களே, அதேதான். மஞ்சள் நூல் மாதிரி புதரைச் சுற்றிக் கிடக்கும் கொத்தான் கொடியைக் களை என்று பிய்த்து எறிய வேண்டாம். ஒட்டுண்ணிதான், ஆனால் இந்த மண்ணுக்குரியது. ஈரத் தாழ்வுகளில் கோரையும் கெலாம் மரமும்.

மழைக்காலம் முடிந்து மார்ச் மாதம் போனால், தாழ்வின் ஓரத்து ஈர மணலில் குனிந்து பாருங்கள். இருபது காசு அகலத்தில் சிவப்பு வட்டமாக அழுகண்ணி ஒட்டிக்கிடக்கும். இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளிப் பசை. எறும்பு கால் வைத்தால் ஓரத்து நீண்ட மயிர்கள் சில விநாடிகளில் உள்ளே வளையும். மண்ணில் தழைச்சத்து கிடைக்காததைப் பூச்சியில் எடுத்துக்கொள்கிறது. இதன் அருகே கோழிச் சாணமோ உரமோ விழுந்தால் புல் மளமளவென்று உயர்ந்து நிழல் போடும்; தரையோடு கிடக்கும் அழுகண்ணிக்குப் பிழைக்க வழியில்லை. தர்பூசணி போடுகிறவர்கள் உரம் இடாமல் முடியாது, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் மிச்சமுள்ள துண்டுகளை விட்டுவைக்கலாம். தாழ்வைக் கால்வாய் வெட்டி வடித்தாலும், லோரி மண் கொட்டி நிரவினாலும் இதே கதிதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அக்காசியா மாங்கியம் மரம். வேரில் தழைச்சத்தைக் கட்டி மண்ணைக் கொழுக்க வைக்கும், சருகை மெத்தை போல் கொட்டும். தீ வைத்தால் அழியும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு: சூடு பட்டதும் மண்ணில் கிடக்கும் கெட்டி விதைகள் கொத்துக்கொத்தாக முளைக்கும், கூடவே லாலான் புல்லும் கிழங்கிலிருந்து எழும்.

கையால் பிடுங்குவதுதான் வழி. கன்றை அடையாளம் காண்பது எளிது: முதல் சில இலைகள் புளிய இலை மாதிரி பிரிந்திருக்கும், பிறகு அகன்ற ஒற்றை இலையாக மாறும். மழைக்கு மறுநாள், முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போது தண்டின் அடியைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வேரோடு வரும். நடுத்தண்டைப் பிடித்தால் முறியும். கட்டைவிரல் பருமனைத் தாண்டியதை மண்மட்டத்தில் அறுங்கள். உயரமாக விட்ட கட்டை தளிர்க்கும். காய் வெடிக்கும் முன் வெட்டியதை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், ஆரஞ்சு நாரில் தொங்கும் விதையைப் பறவைகள் தூக்கிப்போகும். விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடப்பதால் ஒரு தடவையில் முடியாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ராஃபியா கயிற்றால் நான்கு சதுரம் கட்டி, பிடுங்கிய கன்றுகளை எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த மார்ச்சில் அதே சதுரங்களில் எண்ணினால் குறைகிறதா என்று தெரியும். காலியான இடத்தில் சவுக்கு நட வேண்டாம். அதன் சருகும் நிழலும் கீழே எதையும் வரவிடாது. பக்கத்து மேட்டிலிருந்து கெமுந்திங் விதையைப் பறவைகளே கொண்டுவந்து போடும்.