முடுகி ஓடும் அடிகள்

தாளத்துக்கேற்பச் சொல்லிப் பாடும் ராப் வரிகளைக் கவிதை என்று நான் சொன்னால், காரைக்குடியில் என்னோடு பணியாற்றும் தமிழாசிரியர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். 1939 முதல் கம்பன் விழா காணும் ஊர் இது. கம்பனின் சந்தத்துக்குத் தலையசைக்கப் பழகிய காதுகள், ராப்பையும் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அச்சிட்ட வரிகளைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்பது நியாயமில்லை. திருப்புகழை மனத்துக்குள் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். குன்றக்குடி மலைப்படிகளில் யாராவது வாய்விட்டுப் பாடும்போதுதான் அருணகிரிநாதர் முழுதாக வந்து நிற்கிறார்.

ராப்பில் பெரும்பாலும் ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு தட்டு. நம் அளவடிக்கு நான்கு சீர். பாடுகிறவர் சொல்ல வந்ததை அந்த நான்குக்குள் முடிக்கலாம். அல்லது அடுத்த சுற்றுக்குள் பாயவிட்டு, எங்கே நிற்கப்போகிறது என்று நம்மைத் தவிக்க வைக்கலாம். தொல்காப்பியர் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது ஓசை வகைகளில், முடுகு வண்ணம் ஒன்று. அடியின் எல்லை கடந்து ஓடுவது அதன் இயல்பு. செய்யுளியலில் அந்த இடத்தை நடத்தும்போது வேகமான ராப் வரிகளைச் சொல்லிக் காட்டுகிறேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, கூல் ஹெர்க் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதைத்தான் ராப் அடங்கிய ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். 2018இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தது. அது இசைக்கான பரிசு. கவிதைக்கென்று கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "ஐயா, இதைக் கவிதை என்று சொல்லலாமா?" என்று கேட்டான். அவன் அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்.

கண்ணாடி மேல்வண்ணம் கையாலே வார்ப்பார்
கண்ணாடி முன்நின்று தன்முகம் எப்போது பார்ப்பார்?
மண்ணள்ளிச் சிமெண்டள்ளி அச்சை நிறைப்பார்
எண்பது வீட்டுக்குத் தரைதந்த மனிதர்
சுண்ணாம்பு உதிர்கிற சுவரோரம் முதுகைச் சாய்ப்பார்

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்ப்பார்கள். அதன் வழவழப்பு அங்கிருந்து வருவது. அந்தக் கண்ணாடியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் அடுத்தடுத்து வைத்தானே, அங்கேயே கவிதை நிகழ்ந்துவிட்டது. ஐந்து அடியிலும் எதுகை. நான்காம் அடியில் மட்டும் இயைபை, அதாவது அடிகளின் முடிவில் ஓசை ஒன்றுவதை, விட்டுவிட்டு, கடைசி அடியில் சேர்த்துப் பிடிக்கிறான். எண்பது என்பது எதுகைக்காக வந்த எண்ணா என்று கேட்டேன். "இல்லை ஐயா, அப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்" என்றான்.

எல்லா ராப்பும் இப்படி இருப்பதில்லை. காரையும் தங்கச் சங்கிலியையும் அடுக்கி, ஓசை மட்டும் பொருந்தினால் போதுமென்று எழுதப்படுபவை ஏராளம். வெண்பாவிலும் அப்படி வெறுமையானவற்றை நிறையப் படித்திருக்கிறேன்.

என் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். துக்க வீட்டில் இறந்தவரின் காடு, மாடு, கடன், கோபம் எல்லாவற்றையும் அங்கேயே கட்டி, மார்பில் அடித்துக்கொண்டு பாடுவார். எதுகை தானாக வந்து விழும். அதை யாரும் கவிதை என்று சொல்லவில்லை, அதனால் யாரும் எழுதியும் வைக்கவில்லை. அத்தனையும் போய்விட்டது. எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாணவனிடம் ஒவ்வொரு பாட்டையும் தேதியிட்டு, தனி நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் கம்பராமாயணம் ஒப்புவித்தலுக்குப் பிறகு அவன் பாடுகிறான். மேசையில் தாளம் தட்டப் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் வருகிறான்.