லொகின் பண்ணினா திரும்பவும் லொகின் பேஜ்: பிராக்டிகல்ல செஷன் ஐடி பிரச்சினை வந்தா எங்க இருந்து பாக்கிற

வெப் சேர்வர் பிராக்டிகலுக்கு ரெடியாகிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. மட்டக்களப்பு ஏ.டி.ஐ., அம்பாறை ஹார்டி, ஒலுவில், வந்தாறுமூலை, எங்க படிச்சாலும் சரி, சிலபஸ் அங்க இங்க மாறும் ஆனா டொம்கெட்டும் (ஜாவா வெப் அப் ஓட்டுற சேர்வர்) பி.எச்.பி.யும் எல்லா இடத்திலயும் ஒண்டுதான். 'லொகின் ஆகுது, அடுத்த பேஜுக்குப் போனா திரும்பவும் லொகின் கேக்குது, காரணத்தக் கண்டுபிடி' எண்டு ஒரு கேள்வி தந்தா எப்பிடிப் போறது எண்டு சொல்றன், ஏனெண்டா எங்கட பெட்ச்ல நல்லா கோட் எழுதுற ஆக்கள்தான் இதில கூட மாட்டினவங்க, கேள்வியப் பாத்த உடனே ஜாவா பைலத் திறந்து வரி வரியா வாசிக்கத் தொடங்கிட்டாங்க, கோட்ல ஒரு பிழையும் இல்ல, பாதி நேரம் அதிலயே போயிட்டு.

முதல்ல இதை மண்டைல ஏத்துங்க. பிரவுசரும் சேர்வரும் பேசுற எச்.டி.டி.பி.க்கு ஞாபகம் எண்டு ஒண்டும் கிடையாது, நீங்க போன நிமிஷம் லொகின் பண்ணின ஆள் எண்டு சேர்வருக்குத் தெரியா. மாமாங்கத் திருவிழாக்குப் போய் சைக்கிளப் பார்க்ல விட்டா நம்பர் துண்டு தருவாங்கதானே, சைக்கிள் அவங்களிட்ட, துண்டு எங்கட கையில, துண்டக் காட்டினாத்தான் சைக்கிள். செஷனும் அப்பிடித்தான், உங்கட பேர், கார்ட்ல போட்ட சாமான் எல்லாம் சேர்வர்ல கிடக்கும், பிரவுசரிட்ட இருக்கிறது வெறும் நம்பர் மட்டும், அதுதான் செஷன் ஐடி, அதை பிரவுசர் வெச்சிருக்கிற சின்னத் துண்டுதான் குக்கி. டொம்கெட்ல அந்தக் குக்கிட பேர் ஜே-செஷன்-ஐடி, சும்மா விட்டா 32 எழுத்துள்ள ஹெக்ஸ் நம்பர், பி.எச்.பி.ல பி.எச்.பி-செஸ்-ஐடி.

அப்ப அந்த நம்பர் நாலு இடத்திலதான் தொலையலாம். சேர்வர் குடுத்ததா, பிரவுசர் வாங்கி வெச்சதா, அடுத்த தரம் திருப்பிக் காட்டினதா, காட்டினத சேர்வர் தன்டது எண்டு ஏத்துக்கொண்டதா. இந்த நாலில எது உடைஞ்ச எண்டு தெரியிற வரைக்கும் ஒரு பைலையும் தொடாதீங்க. நான் இதில கொஞ்சம் கடும்தான், ஏனெண்டா மூண்டு இடத்தில கை வெச்சுப்போட்டு நாலாவதா சரிவந்தா எதால சரிவந்த எண்டு வைவால, அதான் வாய்ப் பரீட்சைல, சொல்ல ஏலா, மார்க்ஸ் கிடக்கிறது அந்தப் பதிலுக்குத்தான்.

பாக்கிற விதம் இதுதான். எஃப் 12 அடிச்சு நெட்வேர்க் டெப்புக்குப் போங்க, 'பிரிசேர்வ் லொக்' எண்டுறதுக்கு டிக் போடுங்க, அது போடாட்டி லொகின் முடிஞ்சு ரீடைரக்ட் ஆகக்குள்ள முந்தின ரிக்வெஸ்ட் எல்லாம் அழிஞ்சு போகும், தேடவேண்டிய சாமானே அதுக்குள்ளதான் இருந்திருக்கும். பொறகு லொகின் பண்ணுங்க. போஸ்ட் ரிக்வெஸ்டில கிளிக் பண்ணி ரெஸ்பொன்ஸ் ஹெடர்ல செட்-குக்கி வரி இருக்கா எண்டு பாருங்க, அந்த வரிய அப்பிடியே பேப்பர்ல எழுதுங்க, நம்பர்ட கடைசி நாலு எழுத்து போதும், பாத் (எந்த யூ.ஆர்.எல்லுக்கு அனுப்பலாம்), செக்கியூர் (எச்.டி.டி.பி.எஸ்.ல மட்டும்), சேம்-சைட் (வேற சைட்டுக்குள்ள இருந்தும் அனுப்பலாமா) எல்லாத்தையும் எழுதணும். அடுத்த ரிக்வெஸ்டத் திறந்து குக்கி ஹெடர்ல அதே நாலு எழுத்து போகுதா எண்டு பாருங்க.

ஒரு கேஸ வடிவா எடுத்துப் பாப்பம், பிராக்டிகலுக்கு எண்டே செஞ்ச மாதிரி இருக்கிற கேஸ் இது. டொம்கெட்ல அப் ஓடுறது /ஷொப் எண்டுற பாத்ல, முன்னால என்ஜின்எக்ஸ் (ரிக்வெஸ்ட வாங்கி உள்ளுக்கு அனுப்புற இன்னொரு வெப் சேர்வர்) நிண்டு ஆக்களுக்கு வெறும் / எண்டு காட்டுது. 8080ல நேரடியாப் போனா லொகின் பேய் மாதிரி வேலை செய்யும், என்ஜின்எக்ஸ் ஊடாகப் போனா சுத்திச் சுத்தி லொகின் பேஜ்தான். செட்-குக்கியப் பாத்தா நம்பர் வந்திருக்கு, பக்கத்தில பாத் = /ஷொப் எண்டு கிடக்கு. பிரவுசர் அதை வாங்கியும் வெச்சிருக்கு. ஆனா ஆள் நிக்கிறது /ஹோம் பேஜ்ல, பிரவுசர்ட கணக்கில அது /ஷொப்புக்குள்ள இல்ல, அதால குக்கிய அனுப்பவே இல்ல, மூண்டாவது இடத்தில உடைஞ்சிருக்கு. டொம்கெட்டும் தன்ட வேலையச் சரியாத்தான் செஞ்சது, பிரவுசரும் சரி, நடுவில நிண்ட ஆள்தான் யூ.ஆர்.எல்ல மாத்திப்போட்டு குக்கிட பாத்த மாத்தாம விட்டது. என்ஜின்எக்ஸ் கொன்ஃபிக்ல புரொக்ஸி-குக்கி-பாத் எண்டு ஒரு வரி, /ஷொப்ப / ஆக்கச் சொல்லி எழுதினா முடிஞ்சுது. என்ஜின்எக்ஸுக்குப் பதிலா அப்பாச்சி எண்டா புரொக்ஸி-பாஸ்-ரிவேர்ஸ்-குக்கி-பாத். செட்-குக்கில பாத் எப்பிடி இருந்ததோ அப்பிடியே எழுதணும், இல்லாத சாய்கோட்டப் பின்னால போட்டா பொருந்தாது.

ரெண்டாவது இடத்தில, அதாவது பிரவுசர் வாங்கி வெக்கிற இடத்தில உடையிறது அனேகமா செக்கியூரால. குக்கில செக்கியூர் போட்டிருக்கு, சைட் ஓடுறது சும்மா எச்.டி.டி.பி.ல, பிரவுசர் வாங்கவே மாட்டுது. இதில ஒரு பொறி இருக்கு, லோக்கல்ஹோஸ்ட் எண்டு திறந்தா குரோம் மாதிரிப் பிரவுசர் விட்டுக்குடுக்கும், அதே வெப் அப்ளிகேஷன லெப்ல பக்கத்து மெசின்ல இருந்து 192.168 எண்டு தொடங்கிற ஐ.பி. போட்டுத் திறந்தா விடாது, 'என்ட மெசின்ல ஓடுதே சேர்' எண்டு எல்லாரும் கத்துறது இதுக்குத்தான். குரோம்ல அந்த ரிக்வெஸ்ட்ட குக்கிஸ் டெப்புக்குப் போனா அந்தக் குக்கி மஞ்சளாத் தெரியும், பக்கத்து ஐகன்ல மவுஸ வெச்சா காரணத்தச் சொல்லும். சேம்-சைட்டும் இந்த வகைதான், 2020 பெப்ரவரில குரோம் 80 வந்ததில இருந்து ஒண்டும் எழுதாத குக்கிய லெக்ஸ் (வேற சைட்டுக்குள்ள இருந்தா அனுப்பாத வகை) எண்டு எடுக்கத் தொடங்கிட்டு, இன்னொரு சைட்டுக்குள்ள ஐஃப்ரேமாப் போட்ட பேஜ்ல அதனால லொகின் நிக்காது, நன் எண்டு போட்டா செக்கியூரும் சேத்துப் போடணும். அதுக்கு முந்தின நோட்ஸ வெச்சுப் படிக்கிற ஆக்கள் இதை மட்டும் புதுசாப் பாத்துக்கொள்ளுங்க.

நாலாவது இடம்தான் கஷ்டம். குக்கி ஒழுங்காப் போகுது, ஆனா சேர்வர் அதைத் தெரியா எண்டு சொல்லிப்போட்டு புது செட்-குக்கி தருது. ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் நம்பர் மாறிக்கொண்டே இருந்தா இதுதான். டொம்கெட்ட சும்மா விட்டா 30 நிமிஷம் ஆள் அசையாட்டி செஷன் போயிடும், அது சரியான காரணம். கரண்ட் போய் சேர்வர் விழுந்தாலும் போகும், ஒழுங்கா ஸ்டொப் பண்ணினா மட்டும் டொம்கெட் செஷன்ஸ்.எஸ்.ஈ.ஆர். எண்டு ஒரு பைல்ல எழுதி வெச்சுத் திரும்பி எழும்பக்குள்ள வாசிக்கும், ஆனா டொம்கெட் 10.1ல இருந்து இது சும்மா விட்டா ஓஃப், கொன்டெக்ஸ்ட்.எக்ஸ்.எம்.எல்ல நாங்கதான் ஓன் பண்ணணும், அதுக்கும் செஷனுக்குள்ள போட்ட ஒப்ஜெக்ட் சீரியலைசபிளா (பைல்ல எழுதக்கூடிய மாதிரி) இருக்கணும்.

இதவிட எனக்குப் பிடிச்ச கேஸ், ஒரே மெசின்ல ரெண்டு டொம்கெட், ஒண்டு 8080, மத்தது 8081, ரெண்டிலயும் அப் ரூட்ல, அதாவது வெறும் / பாத்ல, இருக்கு. ஒண்டில லொகின் பண்ணினா மத்ததில லொக்அவுட். ஆக்கள் டேட்டாபேஸச் சந்தேகப்படுவாங்க. விஷயம் என்னெண்டா குக்கி போர்ட்ட கணக்கில எடுக்காது, 2011ல வந்த, குக்கிக்கு விதி சொல்ற ஆர்.எஃப்.சி. 6265லயே அது எழுதிக்கிடக்கு, பிரவுசருக்கு ரெண்டும் ஒரே ஹோஸ்ட், பேரும் ஒண்டு, பாத்தும் ஒண்டு, அதால பிந்தி வந்த நம்பர் முந்தினத அழிச்சுப்போடும். டொம்கெட்ட கொன்டெக்ஸ்ட் செட்டிங்ல செஷன்-குக்கி-நேம் எண்டு ஒண்டுக்கு வேற பேர் குடுத்தா சண்டை முடிஞ்சுது.

லோட் பேலன்சர் (ரிக்வெஸ்டுகளப் பல சேர்வருக்குப் பிரிச்சு அனுப்புறது) போட்ட கேள்வி வந்தா நம்பர்ட வாலப் பாருங்க. சேர்வர்.எக்ஸ்.எம்.எல்ல எஞ்சின் வரியில ஜே.வி.எம்-ரூட் போட்டிருந்தா ஐடிக்குப் பின்னால ஒரு புள்ளி வெச்சு நோட்ட, அதாவது பின்னால நிக்கிற அந்த டொம்கெட்ட, பேர் வரும், பேலன்சர் அதப் பாத்துத்தான் ஆள அதே நோடுக்கு அனுப்புற. வால் இல்லாட்டி, இல்லாட்டி வால்ல இருக்கிற பேரும் பேலன்சர்ல இருக்கிற பேரும் ஒரு எழுத்து பிழைச்சா, ஒருக்கா அங்க ஒருக்கா இங்க எண்டு போய் ரெண்டு பக்கமும் தெரியா எண்டு சொல்லும். ஒரு தரம் ஓடும் ஒரு தரம் ஓடாது எண்டு கேள்வில இருந்தாலே இதத்தான் முதல்ல பாக்கிற.

பி.எச்.பி.ல ஒரு வித்தியாசம் இருக்கு, இது தெரியாம நாலாவது இடத்தில ஏமாந்திராதீங்க. யூஸ்-ஸ்ட்ரிக்ட்-மோட் (தெரியாத நம்பர ஏத்துக்கொள்ளாத செட்டிங்) சும்மா விட்டா ஓஃப்லதான் இருக்கும், தெரியாத நம்பரக் காட்டினாலும் பி.எச்.பி. 'சரி வா' எண்டு அதே நம்பர்ல வெறும் செஷனத் திறக்கும், புது செட்-குக்கி வராது. நம்பர் மாறல்ல, ஆனா உள்ளுக்கு ஒண்டும் இல்ல. அப்ப பி.எச்.பி. செஷன் பைல் எழுதிற சேவ்-பாத் போல்டருக்குள்ள போய் செஸ் எண்டு தொடங்கிற பைல் இருக்கா, அதுக்குள்ள எழுத்து இருக்கா, போல்டருக்கு எழுதிற பெர்மிஷன் இருக்கா எண்டு பாக்கணும். ஜி.சி. (பழைய செஷனத் துப்பரவாக்கிறது) நேரம் சும்மா விட்டா 1440 செக்கன், அதாவது 24 நிமிஷம், அதுக்குப் பொறகு தூக்கலாம் எண்டுதான் அர்த்தம், 24 ஆனதும் டாண் எண்டு தூக்கும் எண்டில்ல. 'ஹெடர்ஸ் ஓல்ரெடி சென்ட்' எண்டு வந்தா முதலாவது இடமே உடைஞ்சு போச்சு, செஷன்-ஸ்டார்ட்டுக்கு முந்தி ஒரு ஸ்பேஸோ பைல்ட தலைப்பில பி.ஓ.எம்மோ (கண்ணுக்குத் தெரியாத தொடக்கக் குறி) வெளியால போயிருக்கும், பழைய விண்டோஸ் நோட்பேட்ல யூ.டி.எஃப்-8 எண்டு சேவ் பண்ணின பைல்ல இது நிறைய வரும்.

வைவால கேக்கிறதுக்கு வருவம். லொகினுக்கு முந்தி ஒரு நம்பர், பொறகு வேற நம்பர், இது பிழையா எண்டு கேப்பாங்க. இல்ல, அதுதான் சரி. முதல்லயே ஒருத்தன் தனக்குத் தெரிஞ்ச நம்பர உங்களிட்டத் தள்ளிவிட்டு நீங்க லொகின் ஆனதும் அதே நம்பரால உள்ள வாறத செஷன் ஃபிக்சேஷன் எண்டு சொல்ற, அதத் தடுக்கத்தான் மாத்திற. டொம்கெட்ட சொந்த ஓத்தென்டிகேஷன் எண்டா தானா மாத்தும், நீங்க எழுதின சேர்வ்லெட்டால (சேர்வர்ல ஓடுற ஜாவா கோட்) லொகின் எண்டா சேஞ்ச்-செஷன்-ஐடிய நீங்கதான் கூப்பிடணும். பி.எச்.பி.ல செஷன்-ரிஜெனரேட்-ஐடி. லொகின்ல ஒருக்கா மாறினா நல்லம், எல்லா ரிக்வெஸ்டிலயும் மாறினா வருத்தம், இத ரெண்டாப் பிரிச்சுச் சொன்னாலே சேர்மார்ட முகம் மாறும்.

யூ.ஆர்.எல்ல ஜே-செஷன்-ஐடி தொங்கிற கேள்வியும் வரும். முதல் தரம் வாற பிரவுசர் குக்கி எடுக்குமா எண்டு டொம்கெட்டுக்குத் தெரியா, அதால லிங்க்லயும் சேத்து அனுப்பும். அந்த லிங்க ஒருத்தர் வாட்ஸ்அப்பில அனுப்பினா அவர்ட செஷனையும் சேத்துத்தான் அனுப்பிற. வெப்.எக்ஸ்.எம்.எல்ல டிரக்கிங்-மோட குக்கி எண்டு மட்டும் வெச்சா நிண்டுடும்.

பழகிறதுக்கு பெரிய மெசின் தேவல்ல, ஒரு லெப்டொப்பில ரெண்டு டொம்கெட்டும் என்ஜின்எக்ஸும் தாராளமா ஓடும். ரெண்டு பேராச் சேருங்க, ஒருத்தர் கொன்ஃபிக்ல ஒரே ஒரு இடத்த உடைக்கட்டும், மத்தவர் எஃப் 12ஐ மட்டும் வெச்சு எந்த இடம் எண்டு சொல்லட்டும், பைலத் திறக்கிறது அதுக்குப் பொறகு. ரெண்டு யூசர வெச்சுப் பாக்கிறதெண்டா ரெண்டு வேற பிரவுசர் எடுங்க, குரோம்ல ரெண்டு இன்கொக்னிட்டோ விண்டோ திறந்தாலும் உள்ளுக்கு குக்கி ஒண்டுதான். உடைக்கிற ஆள் சேர்வர்.எக்ஸ்.எம்.எல்லயும் என்ஜின்எக்ஸ் கொன்ஃபிக்கையும் முதல்ல ஒரு கொப்பி எடுத்து வெச்சிட்டு உடைங்க.