காலைத் தூக்கும் முன்

எம்.டி. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது சேலத்தில் எங்களுக்கு ஒரு மாதிரி வாய்மொழித் தேர்வு நடந்தது. கிருமித்தொற்றால் பி.பி. இறங்கிய நோயாளி, இரண்டு லிட்டர் சலைன் போயாகிவிட்டது. இன்னும் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டார் பேராசிரியர். “காலைத் தூக்கிப் பார்ப்பேன் சார்” என்றேன். இன்னும் சலைன் கொடுத்தால் இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளுமா என்று, நோயாளியின் கால்களை உயர்த்திப் பார்க்கும் பரிசோதனை அது.

“இப்போ எப்படிப் படுத்திருக்கிறார்?”

“மல்லாந்து சார்.”

“அப்போ வயிற்றுப் பக்கம் தேங்கிக் கிடக்கிற ரத்தத்தை விட்டுட்டீங்களே!”

அந்த ஒரு வரியில்தான் இந்தப் பரிசோதனை எனக்குப் புரிந்தது. முதுகு 45 டிகிரி நிமிர்ந்திருக்கும் நிலையில் தொடங்க வேண்டும். தலைப்பக்கம் இறங்கி, கால்பக்கம் 45 டிகிரி ஏறும்போது கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு வரும். நோயாளியின் ரத்தத்தையே கொஞ்ச நேரம் ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கிவிடுகிறோம். நுரையீரலில் நீர் கோத்துவிடுமோ என்று நாம் பயப்படும் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

தம்பி தங்கைகளே, படித்ததோடு நிறுத்தாமல் இரண்டு பேராகக் கட்டிலில் செய்து பழகுங்கள். கட்டிலைத்தான் சாய்க்க வேண்டும். காலைக் கையால் பிடித்துத் தூக்கினால் வலியில், பதற்றத்தில் நாடி ஏறி கணக்கு தப்பிவிடும். பி.பி. மட்டும் பார்ப்பதும் போதாது. எக்கோ என்கிற இதய ஸ்கேன் கருவியை முன்பே மார்பில் வைத்துக்கொண்டு, தூக்கிய ஒன்றரை நிமிடத்துக்குள் வி.டி.ஐ. பாருங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதைக் காட்டும் எண் அது. 16 சென்டிமீட்டர் 18 ஆனால் 12.5 சதவீத ஏற்றம். 10 சதவீதத்தைத் தாண்டியதால் சலைன் கொடுத்தால் இதயம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று பொருள். அப்புறம் பழையபடி சாய்த்து உட்காரவைத்து, எண்ணும் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

நாடி ஒழுங்கில்லாமல் துடித்தாலும், நோயாளி தானாக மூச்சுவிட்டாலும் இந்தப் பரிசோதனை செல்லும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடியிருந்தாலோ, இறுக்கமான காலுறை போட்டிருந்தாலோ முடிவை நம்ப முடியாது. தலைக்காயத்தால் மூளை அழுத்தம் ஏறியவருக்குச் செய்யவே வேண்டாம்.

பிறகு ஓர் இரவுப் பணியில், ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து நிமோனியாவோடு ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். கொடுக்க வேண்டிய சலைன் போன பிறகும் பி.பி. ஏறவில்லை. “வாயெல்லாம் காஞ்சு கெடக்கு, இன்னொரு பாட்டில் ஏத்துங்க சார்” என்று மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலைச் சாய்த்துப் பார்த்தோம், வி.டி.ஐ. அசையவே இல்லை. சலைனை நிறுத்தி, பி.பி.யை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைக் கூட்டினோம். ஏன் நிறுத்தினோம் என்று மகனுக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் அவருக்குத் தேவைப்பட்டது, கொடுத்தேன்.

உண்மையான தேர்விலும் இதே கேள்வி வந்தது. முழுதாகச் சொல்லி முடித்ததும், “சரி, 15 சதவீதம் ஏறிவிட்டது. உடனே சலைன் கொடுப்பீர்களா?” என்றார் தேர்வாளர்.

“உடலுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்பதற்கு அடையாளம் இருந்தால், நுரையீரலும் தாங்கும் என்றால் கொடுப்பேன் சார். நல்லா இருக்கிற எனக்குக் காலைத் தூக்கினாலும் ஏறத்தான் செய்யும்” என்றேன்.

தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.