அசையாத பந்தும் ஆடுகிற தலையும்

போன தீபாவளிக்கு மறுவாரம், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடையில் ஆரம்பித்தது இந்த வினை. பக்கத்து புளோக் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே ஆளுயரப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்றைக்கு பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீரை ஆற்றிக்கொண்டே, "கோல்ஃப் ஒரு தியானம் தம்பி" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் விடவில்லை.

"என்ன அண்ணே தியானம்? பந்து அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. யாரும் உங்களைப் பார்த்து வீசல, பின்னால கீப்பர் நின்னு கத்தல. எங்க ஊர்ல கிட்டிப்புள்ளையும் கோலிக்குண்டையும் சேர்த்துக் கலக்கினா அதான் உங்க கோல்ஃப்" என்று சொல்லிவிட்டேன். மன்னார்குடிப் பக்கம் கிட்டிப்புள்ளில் நான் யார் என்று இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், ஒரு வீட்டு ஓடு விடாமல் சொல்லும்.

அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரே ஒரு பந்தயம் போட்டார். கோல்ஃப் அடித்துப் பழகுகிற ரேஞ்சில் நூறு பந்து. அதில் பத்தே பத்து, நூறு மீட்டர் பலகையைத் தாண்டி நேராகப் போக வேண்டும். போனால் இரண்டு குடும்பத்துக்கும் ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி அவர் செலவு. போகாவிட்டால் என் செலவு. நூற்றுக்குப் பத்து! எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த மார்க்குக்குப் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். சரி என்றேன்.

காலர் வைத்த சட்டை வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டதால் முஸ்தபா கடையில் ஒன்றை அவசரமாக வாங்கி, மடிப்புக்கூடக் கலையாமல் போட்டுக்கொண்டு அந்தச் சனிக்கிழமை போய் நின்றேன். அண்ணன் 7 அயர்ன் என்கிற மட்டையைக் கையில் கொடுத்தார். ஒரு ஆள் பையில் அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாமாம், அதில் பழகுகிறவனுக்கு இதுதான் சாது. முதல் வீச்சில் காற்று நன்றாக அடிபட்டது. இரண்டாவதில் பச்சை விரிப்பு. மூன்றாவதில் ஒருவழியாகப் பந்தைத் தொட்டேன், அது பக்கத்துத் தடுப்பில் மோதித் திரும்பி வந்து என் செருப்புக்கே முன்னால் நின்றது. (ஆமாம், செருப்பு. சட்டையைப் பற்றித்தான் அவர் சொல்லியிருந்தார், காலைப் பற்றிச் சொல்லவில்லை.)

பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு சீன ஆன்ட்டி, கைக்கு வெயில் உறை மாட்டிக்கொண்டு, அம்மியில் மசாலா அரைக்கிற நிதானத்தில் ஒவ்வொரு பந்தையும் ஒரே இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஹெட் டோன்ட் மூவ் லா" என்றார். அண்ணனும் அதையேதான் சொன்னார், தலை ஆடக் கூடாது. அதோடு விட்டாரா? இடது கை மடங்கக் கூடாது, பிடி இறுகக் கூடாது, முட்டி லேசாக மடங்க வேண்டும், எடை வலது காலுக்குப் போய் இடது காலுக்கு வர வேண்டும், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கண் பந்தை விட்டு அகலக் கூடாது, அடித்த பிறகும் அகலக் கூடாது. மேலே தூக்கி இறக்குவதற்கு ஒன்றரை வினாடிகூட ஆகாது, அதற்குள் இவ்வளவையும் நினைக்க வேண்டும். ரொட்டி பராட்டா வீசுகிறவரிடம் போய், "இப்போ உங்க மணிக்கட்டு எத்தனை டிகிரி?" என்று கேட்டுப் பாருங்கள், மாவு விசிறியில் தொங்கும்.

அறுபத்து மூன்று பந்து காலி. பலகையைத் தாண்டியது இரண்டு. அதில் ஒன்று உருண்டே போனது, அண்ணன் பெரிய மனது பண்ணி எழுதிக்கொண்டார்.

அப்போது மனைவி போன் செய்தாள். வானம் கறுக்கிறது, மூங்கில் கம்பில் காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துவிட்டுத்தான் கிளம்பினீர்களா என்று கேட்டாள். நான் எடுக்கவில்லை. "ம்ம், எடுத்துட்டேன், எல்லாத்தையும் மடிச்சே வச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, காதில் கருவி இருந்ததால் கை சும்மா இருக்க மாட்டாமல் ஒரு தட்டு தட்டினேன்.

சத்தமே வேறு மாதிரி இருந்தது. காய்ந்த தேங்காயை ஒரே போடில் உடைத்த மாதிரி. பந்து எழும்பி, பலகையைத் தாண்டி, நூற்றைம்பது மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆன்ட்டி அரைப்பதை நிறுத்தினார். பொய் சொல்வதற்கு மூளை மொத்தமும் தேவைப்பட்டதால் கைக்குக் கொஞ்ச நேரம் விடுதலை கிடைத்திருக்கிறது, வேறென்ன!

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று நானே திரும்ப அவளுக்குப் போன் போட்டேன். "என்னங்க, நீங்களா ரெண்டாவது தடவை கூப்பிடறீங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள். சாயங்காலம் என்ன சமைக்கப் போகிறாய் என்று பேச்சை வளர்த்துக்கொண்டே ஆடினேன். நான்கு பந்து தாண்டியது. அதற்கப்புறம் அவளுக்குச் சந்தேகம் வந்து வைத்துவிட்டாள், எனக்கும் பழையபடி மூளை வந்துவிட்டது. மொத்தம் ஏழு. வீட்டுக்குப் போனால் துணி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு தனி.

தோற்றவன் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். நான் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதானாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஆள் நான்கு மணி நேரம் நடந்து நூறு அடி அடித்தால், உண்மையில் பந்தைத் தொட்ட நேரம் எல்லாம் சேர்த்து வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்ச நான்கு மணி நேரமும் என்ன செய்கிறோம்? யோசிக்கிறோம். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து நமக்கு அரை வினாடிதான் கொடுக்கும், அதில் பயப்படக்கூட நேரமில்லை. இது அசையாமல் உட்கார்ந்துகொண்டு, "நிதானமா யோசிச்சு அடிப்பா, எனக்கு ஒன்னும் அவசரமில்ல" என்கிறது. எது சுலபம் என்று காப்பிக்கடையில் சொன்னேனோ அதுதான் ஆளைக் கொல்கிறது.

பெரிய ஆட்டக்காரர்களையும் விடுவதில்லை. 1999-ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓப்பன். பிரான்சின் ஜான் வான் டி வெல்டே கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னிலை. அந்தக் குழியில் ஆறு அடித்தாலே கோப்பை. மனுஷன் பந்தை ஓடையில் போட்டு, காலணி காலுறையைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். ஏழு அடித்து, அதற்குப் பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, எங்கள் ஊர் வாய்க்காலில் நண்டு பிடிக்க இறங்கியவர் மாதிரியே நிற்கிறார்.

அண்ணனிடம் பந்தயத்தை ஒத்திப்போடச் சொன்னேன். மைதானத்தில் ஒரே ஒரு குழியை, அதற்கென்று வைத்திருக்கிற அடிக் கணக்குக்குள் முடித்தால் சாப்பாட்டில் பாதி அவர் தர வேண்டும். சம்மதித்தார். ஆனால் இந்த ஊரில் நினைத்தவுடன் மைதானத்துக்குள் நுழைந்துவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள், வண்டி உரிமம் மாதிரி விதிகளில் எழுத்துத் தேர்வு, அப்புறம் ஆடிக் காட்டுவது. எழுத்தில் நான் புலி. தொலைந்த பந்தைத் தேட 2019-லிருந்து மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருக்கிற மைதானங்களும் குறைந்துகொண்டே வருகின்றன, மரினா பேயில் இருந்த பொது மைதானத்தை 2024-ல் மூடினார்கள், அண்ணன் அன்றைக்குத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் காப்பி குடித்தார்.

ஒருவழியாகப் பயிற்றுநர் ஒருவர் கூட வர, ஒன்பது குழி மைதானம் ஒன்றில் இறங்கினேன், ஷூ போட்டுக்கொண்டு. எதிரே குளம். பையில் புதுப் பந்தும் இருந்தது, கீறல் விழுந்த பழைய பந்தும் இருந்தது. போனால் போகட்டும் என்று பழசை எடுத்து வைத்தேன். போயிற்று. கரையில் படுத்திருந்த உடும்பு ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பழசை எடுக்கிற விநாடியிலேயே தண்ணீருக்குத் தத்தம் செய்துவிட்டீர்கள் என்று பயிற்றுநர் சிரித்தார். அடுத்த நான்கு குழிகளைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆறாவது குழி சின்னது, மூன்றே அடியில் முடிக்க வேண்டிய கணக்கு. முதல் அடி எப்படியோ குழி இருக்கிற பச்சைத் திட்டில் ஏறிவிட்டது, இரண்டாவதில் குழிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில். ஒரு மீட்டர்! குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 43-கூட இல்லை, இரண்டு பந்து கைகோத்துக்கொண்டு இறங்கலாம். குனிந்து நின்றேன். மீன்தலையில் பாதி கண்ணில் தெரிந்தது.

அப்போது பார்த்து மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. வருடத்தில் நூற்றைம்பது நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் இது, சங்கு ஊதினால் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். பந்து இருந்த இடத்தில் பத்துக் காசு ஒன்றை வைத்துவிட்டு ஒதுங்கினேன். நாற்பது நிமிடம். வான் டி வெல்டேவுக்குக்கூட இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் அந்த ஒரு மீட்டரை மனதுக்குள் இருநூறு தடவையாவது அடித்திருப்பேன். முதல் ஐம்பது உள்ளே போனது. அப்புறம் இடது பக்கம் சரிவு இருக்கிறதோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, காசை எடுத்து, தட்டினேன். பந்து குழியின் விளிம்பில் பாதி வட்டம் சுற்றி, எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து நின்றது.

"என்ன நினைச்சே?" என்றார் அண்ணன்.

"எதையும் நினைக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் சாலையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தோம். அண்ணன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, இந்தத் தெருவுக்குப் பெயரே பழைய குதிரைப் பந்தயத் திடலால் வந்தது, 1891-ல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் ஆரம்பத்தில் ஆடியதும் அந்தத் திடலில்தான் என்றார். அதாவது நான் பணம் கட்டித் தோற்பதற்குப் பொருத்தமான இடமாகத்தான் பார்த்திருக்கிறார் மனுஷன். கறி வந்தது. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்கிற குழம்புக்கு நடுவில் பெரிய தலை, ஒரு கண் நேராக என் மேல்.

"பாத்தியா தம்பி, என்ன குலுக்கு குலுக்கினாலும் ஆடுதா பாரு" என்று சட்டியைத் திருப்பி வைத்தார்.

அப்போது வெளியே இடி இடித்தது. மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அந்த மீனைப் பார்த்தபடியே இருந்தேன், தலையை அசைக்காமல்.